நோர்வேயிலிருந்து வந்த நான்கு சில்லுகள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் யூட், 2013 யூன் 22ஆம் திகதி சனிக்கிழமை ஒரு டீசல் கார் வாங்கினார். ஆறு வயதுக் கார். மீற்றர் 1,43,206 கிலோமீற்றர் காட்டியது. அவர் வேலை செய்யும் வீடு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், எங்கள் வாசலிலிருந்து 870 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. நடந்தால் பதினொரு நிமிடம். காரில் போனால், நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்து, நான் குறித்த ஏழு நாட்களின் சராசரி நாற்பத்து மூன்று நிமிடம். அப்படிப்பட்டவருக்கு ஒரு கார் அவசியம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

யூட்டின் ஊர் மல்லாவி. 2011 மார்ச்சில், முப்பத்தாறு வயதில் பலெர்மோவுக்கு வந்தார். மனைவி தர்மிளா அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். யூட்டுக்குக் கிடைத்த வேலை சின்யோரா எமிலியானா என்ற மூதாட்டியைப் பார்த்துக்கொள்வது. சின்யோராவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் கணிதம் படிப்பித்தவர்; கணவர் இல்லை; ஒரே மகன் மிலானோவில். காலையில் மாத்திரை, மதியம் சமையல், மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடை. இந்த வேலையின் ஒப்பந்தத்தைக் காட்டித்தான் யூட் தன் பெர்மெசோவை, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்கிறார். ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெசோ இல்லை. பெர்மெசோ இல்லையென்றால் என்னவாகும் என்று எழுத வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

டீசல் என்பது யூட் எடுத்த முடிவல்ல. அது நோர்வேயில் எடுக்கப்பட்டது. யூட்டின் அக்காவைக் கட்டிய கிறிகோரி, ட்ரொண்ட்ஹெய்ம் பக்கத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒவ்வொரு நாளும் போக எழுபது கிலோமீற்றர், வர எழுபது.

"காரெண்டா டீசல்தான் மச்சான். பெற்றோல் கார் கடைத்தெருவுக்குப் போறவனுக்கு," என்றார் தொலைபேசியில்.

"ஓம் அத்தான்," என்றார் யூட். கடைத்தெருவுக்கு மட்டுமே போகிறவர் யூட் என்ற விவரம் அந்த உரையாடலில் இடம்பெறவில்லை.

டீசல் காரின் வயிற்றில் ஒரு புகை வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்போது அதை எரித்துவிடும். 870 மீற்றரில் எந்த எஞ்சினும் சூடேறாது. 2014 மார்ச் 20ஆம் திகதி மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் முன்மூடியைத் திறக்கவுமில்லை. ஒன்பது மாதத்தில் எவ்வளவு ஓடினாய் என்று மட்டும் கேட்டார்.

"ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு."

"அதில் பாதி பார்க்கிங் தேடினது."

யூட் மறுக்கவில்லை.

"இதுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, மூச்சு முட்டுது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நெடுஞ்சாலையில் விடு. இருபது நிமிடமாவது, எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குக் குறையாமல். இல்லையென்றால் வடிகட்டியை மாற்ற வேண்டி வரும். அந்தக் கணக்கை நான் இப்போது சொல்ல மாட்டேன், நீ இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கு."

ஆக, வேலைக்குப் போகக் கார் வாங்கிய மனிதர், கார் சுகமாக இருப்பதற்காக வேலையில் லீவு கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை காலை தனக்கு வேண்டும் என்று சின்யோராவிடம் கேட்டார். காரணத்தையும் சொன்னார். சின்யோரா வடிகட்டி, கரி, சுற்று எல்லாவற்றையும் பரீட்சைத்தாள் திருத்துபவர் போலக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை, மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"என்னைப் பெத்ராலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. என் அப்பாவின் வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. யன்னல்களைத் திறந்துவிட வேண்டும்."

பெத்ராலியா மதோனியே மலையில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். எங்கள் வாசலிலிருந்து 104 கிலோமீற்றர். ஏப்ரல் 5ஆம் திகதி தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை இருவரும் அங்கே போனார்கள், யன்னல்களைத் திறந்தார்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், யன்னல்களைப் பூட்டினார்கள், திரும்பி வந்தார்கள். நவம்பர் 1 வரை பதினாறு பயணம், 3,328 கிலோமீற்றர். இந்தத் தீவில் அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வந்து திறந்த யன்னல்கள் வேறு எங்கும் இருக்க முடியாது. மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை.

மகன் றொபேட்டோவுக்கு இந்தப் பயணங்கள் நவம்பரில்தான் தெரியவந்தன. அவர் எஞ்சினியர். 3ஆம் திகதி திங்கட்கிழமை யூட்டின் கைபேசிக்குப் பதினொரு அம்சங்கள் கொண்ட ஒரு கடிதம் வந்தது. அதைப் படிக்க யூட்டும் தர்மிளாவும் என் வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். சாரம் இதுதான். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மலைப்பாதையில் குளிர்கால டயர் பூட்டியிருக்க வேண்டும், அல்லது சங்கிலியாவது காரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சங்கிலி தனக்குப் போதாது. மலையும் பனிப்பூவும் உள்ள முத்திரை பொறித்த நான்கு குளிர்கால டயர்கள், வாகனப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவில், பூட்டப்பட வேண்டும். தான் வந்து பார்க்கும்போது அப்படி இல்லையென்றால், அம்மாவை மிலானோவுக்குக் கூட்டிச் செல்வார். யூட்டின் ஒப்பந்தம் டிசம்பர் 31உடன் முடியும்.

யூட்டின் பெர்மெசோ 2015 பெப்ரவரி 11 வரை.

"அப்ப இனி டயர்தான் எங்கடை விசா," என்றார் தர்மிளா.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டயர்க்கடைக்கு யூட் மூன்று தடவை போனார். முதல் தடவை கடைக்காரர் சால்வோ குளிர்கால டயர் என்றதும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். கையில்லாத சட்டை போட்டிருந்தார். இரண்டாம் தடவை விளக்கம் தந்தார்: குளிர்கால ரப்பர் மென்மையானது, ஏழு பாகைக்குக் கீழே தெருவை நன்றாகப் பிடிக்கும், அதற்கு மேலே, குறிப்பாகப் பலெர்மோவில், அழிறப்பர் மாதிரித் தேயும். என் பால்கனி வெப்பமானி அந்த நவம்பரில் பன்னிரண்டு பாகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. நான்கு பருவத்துக்கும் பொதுவான டயர் போதாதா என்று யூட் கேட்டார். போதும், ஆனால் உன் எஞ்சினியருக்குப் போதாது என்றார் சால்வோ. அவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொண்டார், மற்ற வாடிக்கையாளருக்குக் காட்ட. மூன்றாம் தடவை, நவம்பர் 13ஆம் திகதி, 195/65 R15 அளவில் நான்கு புதுக் குளிர்கால டயர்கள் பூட்டப்பட்டன. மலை இருந்தது, பனிப்பூ இருந்தது. நாலு சில்லிலும் நான் போய்ப் பார்த்தேன்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும், யூட் தன் அக்காவோடு கதைக்காமல் இருந்திருந்தால். ஆனால் 5ஆம் திகதியே கதைத்துவிட்டார். அக்கா கிறிகோரியிடம் சொன்னார்.

"வின்ரர் டயரை இத்தாலிக்காரனிட்டை வாங்கிறதோ?" என்றார் கிறிகோரி. "அவன் ஸ்னோவைப் படத்திலை கண்டவன். நீ ஒண்டுக்கும் யோசியாதை மச்சான். என்ரை பழைய செற் நல்லாக் கிடக்கு. றிம்மோடை அனுப்பிறன்."

அக்காவின் புருஷன் தருவதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களிடம் இன்னும் வசனம் கிடையாது. யூட் "ஓம் அத்தான்" என்றார். 15ஆம் திகதிக்கு முன் அவை வராது என்று தெரிந்ததும் சால்வோவிடம் வாங்கிவிட்டார். வாங்கியதை நோர்வேக்குச் சொல்லவில்லை.

அந்த நான்கு சில்லுகளும் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரு சிநேகிதரின் வான் வண்டியில் வந்தன. ஒஸ்லோவிலிருந்து டோட்முண்டுக்கு, ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போன குடும்பத்தோடு. டோட்முண்டிலிருந்து பலெர்மோவுக்கு, தமிழ்க் கடைகளுக்கு அரிசி கொண்டுவரும் லொறியில். இருபத்து நான்கு நாள். ஒரு தபால் கந்தோருக்கும் இந்த விஷயம் தெரியாது. நவம்பர் 29 மாலை, சம்பா அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இறக்கியபோது அவற்றில் மிளகாய்த்தூள் மணத்தது. ஒவ்வொரு டயரிலும் நூற்றுக்கு மேல் இரும்பு ஆணிகள் பதித்திருந்தன. உறைந்த ஏரியில் ஓட்டுவதற்கு மிகவும் ஏற்றவை.

"எங்கை வைக்கப் போறியள்?" என்று தர்மிளா கேட்டார்.

"கட்டிலுக்குக் கீழை."

"கட்டிலுக்குக் கீழை உங்கடை மற்ற நாலு டயரும் கிடக்கு."

கோடைகாலத்து டயர்களைத்தான் சொன்னார். இரண்டு அறை வீடு. ஆணிச்சில்லுகள் நான்கும் சுவாமிப் படத்துக்குக் கீழே அடுக்கப்பட்டன. மேலே ஒரு துணியை விரித்துத் தர்மிளா பூச்சாடி வைத்தார்.

அடுத்த ஒரு கிழமை முழுவதும் கிறிகோரி ஒவ்வொரு நாளும் கேட்டார். பூட்டியாச்சோ? படம் எங்கை? யூட் முதலில் மழை என்றார், பிறகு வேலை என்றார், பிறகு காரை உயர்த்தும் ஜக் பழுது என்றார். ஆறாம் நாள் அக்காவே எடுத்து, "அந்தாள் முகம் வாடிப்போய் இருக்கிறார், ஒரு படம்தானே ராசா," என்றார். அதற்குப் பிறகு வழியில்லை.

டிசம்பர் 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு யூட் காரை உயர்த்தினார். சால்வோ பூட்டிய நான்கு சில்லுகளையும் கழற்றி என் வாசலில் சாய்த்துவிட்டு, நோர்வேச் சில்லுகளைப் பூட்டினார். நான்கே முக்காலுக்கு முடிந்தது. நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கழற்றுவது என்பது ஏற்பாடு. கிறிகோரி வீடியோவில் வந்தார்.

"வடிவாக் கிடக்கு மச்சான். கொஞ்சம் ஓடிக் காட்டு, ஆணி றோட்டைப் பிடிக்கிற சத்தத்தைக் கேக்கவேணும்."

"இப்பவோ அத்தான்?"

"பின்னை எப்ப, சித்திரையிலையோ?"

தர்மிளா கைபேசியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். கல் பாவிய தெருவில் நானூறு ஆணி உருண்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். தகர வாளியில் குதிரை ஓடினால் அப்படி இருக்கலாம். சந்தையில் மீன் விற்றவர்கள் வியாபாரத்தை நிறுத்தினார்கள். ஒருவர் மாடியிலிருந்து, "யூட், யுத்த டாங்கி எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். நேராக ஓட்டிக் காட்ட வசதியான தெரு ஒன்றுதான். பொலிதேயாமாவுக்குப் பின்னால், சின்யோராவின் தெரு. யூட் அங்கே திருப்பினார்.

சின்யோராவின் வாசலில் றொபேட்டோ நின்றிருந்தார்.

மறுநாள் எட்டாம் திகதி விடுமுறை. அதோடு சேர்த்து, சொல்லாமல், பார்வையிட வந்திருந்தார். சத்தம் கேட்டுத்தான் தெருவுக்கு இறங்கினாராம். கையைக் காட்டிக் காரை நிறுத்தினார். முன் இடது சில்லின் முன்னால் குந்தியிருந்து, டயரின் பக்கத்தில் இருந்த எழுத்துகளை விரலால் தொட்டு வாசித்தார்.

"இருநூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு. உன் வாகனப் புத்தகத்தில் இந்த அளவு இருக்கிறதா?"

"இல்லை."

"எந்த ஆண்டில் செய்தது என்று தெரியுமா? 2006. எட்டு வயது. இதில்தான் என் அம்மாவை மலைக்கு ஏற்றினாயா?"

கைபேசிக்குள்ளிருந்து கிறிகோரி கேட்டார்: "யாரடா அந்தாள்? டயரைப் பற்றிக் கதைக்கிறாரோ?"

"ஓம் அத்தான்."

"என்னவாம்?"

"நல்ல டயராம் அத்தான்," என்றார் தர்மிளா, இணைப்பைத் துண்டித்தபடி.

றொபேட்டோ எழுந்தார். "கடிதத்தில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். அம்மாவின் பெட்டியை நாளைக்குக் கட்ட வேண்டும். நீயே வந்து கட்டிக்கொடு."

மேலே, சின்யோராவின் கூடத்தில், யூட் விளக்கம் சொன்னார். சரியான டயர்கள் வீட்டு வாசலில் இருக்கின்றன, அவற்றைப் பூட்டிய பிறகு மலைக்குப் போன இரண்டு தடவையும் அவற்றில்தான் போனோம், இவை ஒரு படத்துக்காகப் பூட்டியவை, இன்றைக்கே கழற்றிவிடுவேன். யூட் பேசும் இத்தாலிய மொழி மாத்திரைக்கும் மரக்கறிக்கும் போதுமானது. இதற்குப் போதவில்லை.

"ஒரு படத்துக்காக நான்கு சில்லு மாற்றினாய்," என்றார் றொபேட்டோ.

"ஓம், எஞ்சினியர்."

"ஏன்?"

"நோர்வேயிலிருந்து அவர் அனுப்பினவர்."

"உன்னிடம் டயர் இருக்கிறது என்று அவரிடம் சொன்னால் என்ன?"

"அவர் என் அக்காவின் புருஷன்."

"அது உறவு. நான் காரணம் கேட்டேன்."

தர்மிளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெப்ரவரி 11க்கு அறுபத்தாறு நாள் இருந்தது.

சின்யோரா கணக்கை யாராவது கரும்பலகையில் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து பழகியவர்.

"றொபேட்டோ, உன் கலியாணத்துக்கு நான் ஒரு பாரோமீற்றர் தந்தேனே. உன் தாத்தா காற்றழுத்தம் பார்த்த பாரோமீற்றர். அது எங்கே?"

"கூடத்துச் சுவரில், அம்மா. நீங்கள் பார்த்தீர்கள்தானே."

"பார்த்தேன். 2012 மே மாதம் வந்தபோது பார்த்தேன். ஆணி புதிது. கீழே தரையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. நான் செருப்பால் தள்ளிவிட்டேன், உன் பெண்சாதி கண்டு வெட்கப்படக்கூடாது என்று. நான் திரும்பி வந்த எத்தனையாவது நாள் அதைக் கழற்றினீர்கள்?"

றொபேட்டோ, காரிலிருந்து கையோடு எடுத்துவந்த வாகனப் புத்தகத்தைத் திறந்தார். அதில் அவர் முன்பே வாசித்த பக்கம்தான் இருந்தது.

"எத்தனையாவது நாள்?"

"அன்றைக்குப் பின்னேரம்," என்றார் எஞ்சினியர்.

"பார். இவன் ஒரு மணி நேரமாவது வைத்திருக்கிறான்."

பிறகு சின்யோராவை மேலே விட்டுவிட்டு, மற்ற மூவரும் தெருவுக்கு இறங்கினார்கள். ஆணிச் சத்தத்தோடு கார் முன்னால் போக, றொபேட்டோ எங்கள் வாசல்வரை நடந்தே வந்து, சாய்த்து வைத்திருந்த நான்கு சில்லுகளையும் பார்த்தார். மலையையும் பனிப்பூவையும் பார்த்தார். ஆழத்தை அளக்கச் சட்டைப்பையில் கருவி கொண்டுவந்திருந்தார், ஏழரை மில்லிமீற்றர். அந்த அளவை நானும் அன்றே எடுத்திருந்தேன், வித்தியாசம் இல்லை. ஆள் கெட்டவர் அல்ல. மேல்சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, நட்டுகளை இறுக்கும்போது யூட்டுக்கு உதவியும் செய்தார். இறுக்கும் ஒழுங்கு தவறு என்று இரண்டு தடவை சொன்னார்.

கடைசி நட்டு இறுக்கும்போது கேட்டார்: "அம்மாவுக்கு இந்தக் குளிரில் பெத்ராலியாவில் என்ன அப்படி வேலை? நீயாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா?"

"சின்யோராவுக்கு அந்த வீட்டில் ஆசை. எப்படி வேண்டாம் என்கிறது?"

றொபேட்டோ அதே இடத்திலிருந்து கைபேசியில் அம்மாவை அழைத்துக் கேட்டார். சின்யோராவின் குரல் எனக்கே கேட்டது.

"எனக்கா ஆசை? அந்த வீட்டில் எலி இருக்கிறது. இவனுடைய காருக்கு நெடுஞ்சாலை வேண்டுமாம், மெக்கானிக் சொன்னானாம். லீவு கேட்கவே பாவம் வெட்கப்பட்டான். அதனால் போனேன்."

பதினெட்டுப் பயணம். 3,744 கிலோமீற்றர். நான்கு குளிர்கால டயர், நான்கு ஆணி டயர், பதினொரு அம்சக் கடிதம் ஒன்று. போக விரும்பியவர் ஒருவரும் இல்லை. றொபேட்டோ கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சில்லின் பக்கம் குனிந்தார். அவர் சிரித்தாரா என்று என் பக்கம் இருந்து தெரியவில்லை.

யூட்டின் புதிய ஒப்பந்தம் டிசம்பர் 19ஆம் திகதி வந்தது, இரண்டு ஆண்டுக்கு. பெர்மெசோவுக்கான கடதாசிகள் சனவரி 12ஆம் திகதி கொடுக்கப்பட்டு, ரசீது கிடைத்தது. மலைப் பயணம் நின்றது. சனிக்கிழமைகளில் இப்போது இருவரும் விமான நிலையத்துக்குப் போகும் கடலோர நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய், அங்கே கோப்பி குடித்து, வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சின்யோராவுக்கு இது பிடித்திருக்கிறதா, அல்லது இதுவும் காருக்காகத்தானா என்று யூட் இதுவரை கேட்கவில்லை. நானும் கேட்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஒப்பந்தத்தோடு றொபேட்டோ இணைத்திருந்த கடிதம் இந்தத் தடவை நான்கு அம்சங்கள்தான். முதலாவது, மலைக்குப் போகக் கூடாது. இரண்டாவது, டயரின் காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்றாவது, ஆணி டயர்களைத் தெருவில் ஓட்டக் கூடாது. நான்காவது, பாரோமீற்றரைப் பற்றி அம்மா கேட்டால், அது டிசம்பர் 9 முதல் சுவரில் நிரந்தரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்; படம் இணைக்கப்பட்டுள்ளது.